கத்திரிக்காய்க் கட்டுரை ஏற்கப்பட்ட விதம்: வேலூரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் சத்துவாச்சாரியில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே டிடிபி கடை ஒன்றில் தட்டச்சராக வேலை பார்க்கும் பெண் ஒருவர் எழுதிய கட்டுரையை, முதல் சுற்றில் எந்த இணைய வெளியீட்டாளரும் ஏற்கவில்லை. சில மாதங்கள் கழித்து, ஏறத்தாழ அதே பொருளில் அவர் மீண்டும் எழுதிய கட்டுரை தமிழ் இணைய இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதற்குரிய தொகையும் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. இரண்டு வடிவங்களையும் இடையில் நடந்த மின்னஞ்சல் போக்குவரத்தையும் அவர் எனக்குக் காட்டியதால், எந்த இடத்தில் என்ன மாறியது என்று வரிவரியாகப் பார்க்க முடிந்தது. நாளிதழ் ஒன்றில், வரும் எழுத்தைப் படித்துத் திருத்தும் டெஸ்க்கில் நெடுநாள் துணையாசிரியராக இருந்தவன் என்பதால், மறுபக்கத்தில் இருந்தவர்கள் அந்த மடல்களை எப்படிப் படித்திருப்பார்கள் என்பதை ஊகிப்பதும் எனக்குக் கடினமாக இல்லை. அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய பெயரையும் இதழ்களின் பெயர்களையும் விட்டுவிட்டு, அவரைக் கட்டுரையாளர் என்றே குறிப்பிடுகிறேன்.

கட்டுரையின் பொருள், அணைக்கட்டு வட்டாரத்தைச் சேர்ந்த இலவம்பாடியின் முள்ளுக் கத்திரிக்காய். காம்பிலும் புல்லிவட்டத்திலும் முள் நிற்கும் இந்தக் காய்க்கு, வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் என்ற பெயரில் 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட வட்டாரத்தில் விளையும் பொருளுக்கே அந்தப் பெயர் உரியது என்ற சட்டப் பதிவு, கிடைத்தது. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது. செய்தி வந்த வாரத்தில் எல்லா நாளிதழ்களும் அதை வெளியிட்டன. அதற்குப் பிறகு பெரும்பாலும் பேச்சில்லை. கட்டுரையாளரின் தாய்வழி உறவினர்கள் அணைக்கட்டுப் பக்கம் இருப்பதால், இந்தக் காயைப் பற்றித் தாம்தான் எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்கிறது.

முதல் வடிவம் இரண்டாயிரம் சொற்களுக்கு மேல் நீண்டது. மன்னனில்லாக் கோட்டை, நீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில் என்ற பழைய வேலூர்ச் சொலவடையில் தொடங்கி, 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சியைக் கடந்து, ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய் வழியாக, ஏழாவது பத்தியில்தான் இலவம்பாடிக்கு வந்தது. வேலூரைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேர் இந்தச் சொலவடையில்தான் தொடங்குகிறார்கள். ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981ஆம் ஆண்டிலேயே லிங்கம் மீண்டும் நிறுவப்பட்டு வழிபாடு நடந்து வருகிறது என்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் இத்தகைய தொடக்கத்தை ஆண்டுக்குப் பத்து முறையாவது பார்த்திருப்பார். மூன்றாவது வரியைத் தாண்டி அவரைக் கூட்டிச் செல்ல அதில் எதுவும் இருக்கவில்லை. நடை நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சொற்பிழையோ சந்திப்பிழையோ தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கட்டுரையில் இருந்த செய்திகளில், சென்னையில் ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து திரட்ட முடியாதது என்று ஒன்றுகூட இல்லை.

அனுப்பிய முறையில் இன்னொரு தடங்கல் இருந்தது. அரசு அலுவலகங்களைச் சுற்றியுள்ள டிடிபி கடைகளில் வானவில் எழுத்துரு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. எழுத்துரு தனியே நிறுவாமலே தமிழ் தெரியும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே தரமாக ஏற்றுக்கொண்ட பிறகும், பழைய கோப்புகளைத் திருத்தித் தரவேண்டிய கட்டாயத்தால் இந்தக் கடைகள் வானவில்லை விடவில்லை. கட்டுரையாளர் பழக்கத்தால் அதிலேயே தட்டச்சு செய்து கோப்பை இணைத்து அனுப்பிவிட்டார். அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், தமிழுக்குப் பதில் ரோமன் எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பைதான் தெரியும். எழுத்துருமாற்றி மென்பொருள் கொண்டு அதைச் சரிசெய்யலாம் என்பது உண்மைதான். முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய நீண்ட கட்டுரைக்காக அந்த வேலையை யார் மெனக்கெட்டுச் செய்வார்கள்? மடலின் உடலில் ஒரு வரிகூட இல்லை. இணைப்பு மட்டும் இருந்தது. ஒரே மடலை நான்கு இதழ்களுக்கு, நான்கு முகவரிகளும் ஒருவருக்கொருவர் தெரியும்படி அனுப்பியிருந்தார். படங்களும் இணையத்தில் கிடைத்தவை. அவற்றின் உரிமையாளர் யார் என்ற குறிப்பு எங்கும் இல்லை.

மூன்று இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. நான்காவது இதழ் மட்டும், தங்களுக்குப் பொருந்தவில்லை என்று ஒரு வரியில் எழுதியது. அந்த நான்கில் இரண்டு, ஆர்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் நடத்தும் இலக்கிய இதழ்கள். 1999இல் தொடங்கிய திண்ணை, 2009இல் தொடங்கிய சொல்வனம் என்று இணையத்துக்கென்றே பிறந்த தமிழ் இதழ்களுக்குக் கால் நூற்றாண்டு மரபு இருக்கிறது. ஆயினும் இலக்கிய இதழ்களில் பெரும்பாலானவை கதை, கவிதை, நூல் மதிப்புரை ஆகியவற்றையே முதன்மையாக நாடுகின்றன. மீதி இரண்டும் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடக்கும் செய்தித் தளங்கள். கிராமப்புற வாழ்வை மட்டுமே பொருளாகக் கொண்டு 2014 முதல் பல மொழிகளில் வெளிவரும் பாரி போன்ற தளங்கள் மூன்றாவது வகை. எந்த வகைக்கு எது பொருந்தும் என்று பார்க்காமல் நான்கு கதவுகளையும் ஒரே சமயத்தில் தட்டியதில், ஒருவரும் அந்தக் கட்டுரை தமக்காக எழுதப்பட்டது என்று நினைக்க வழியில்லாமல் போயிற்று.

திருப்பம் கடையிலேயே நேர்ந்தது. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டம் நடப்பதால், அன்று காலை மனு தட்டச்சு செய்ய வருபவர்களின் கூட்டம் தெருவரை நிற்கும். அப்படி வந்த முதியவர் ஒருவர், வேறு ஊர்க் கத்திரிக்காயை இலவம்பாடிக் காய் என்று சொல்லி மார்க்கெட்டில் விற்கிறார்கள், குறியீடு வாங்கிக் கொடுத்தும் தடுப்பார் இல்லை என்று மனு எழுதச் சொல்லியிருக்கிறார். அந்த மனுவைத் தட்டிக் கொடுத்தபோதுதான், தாம் ஊரின் பெருமையை எழுதிக்கொண்டிருந்ததையும், அந்த ஊர்க்காரர் கேள்வியோடு எதிரில் உட்கார்ந்திருப்பதையும் கட்டுரையாளர் கவனித்தார்.

இங்கே அவர் எடுத்த ஒரு முடிவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வாடிக்கையாளர் ஒருவர் தட்டச்சுக்காக நம்பிக் கொடுத்த தாளிலிருந்து ஒரு வரியையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முதியவர் அடுத்த முறை வந்தபோது, தாம் கட்டுரை எழுத விரும்புவதைச் சொல்லி, வயலில் வந்து பேசலாமா என்று கேட்டு, ஒப்புதல் பெற்ற பிறகே இலவம்பாடிக்குப் போனார். பெயரைப் போட வேண்டாம் என்று முதியவர் சொன்னதையும் குறித்துக்கொண்டார். வெளியீட்டாளர் பிற்பாடு மூலங்களைப் பற்றிக் கேட்டபோது தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது இதனால்தான்.

அடுத்து அவர் சட்டத்தைப் படித்தார். பொருட்களின் புவிசார் குறியீடுகள் (பதிவு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 1999இல் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான பதிவகம் சென்னையில்தான் உள்ளது. பதிவேட்டில் அ, ஆ என இரண்டு பகுதிகள் உண்டு. குறியீட்டையும் அதன் உரிமையாளராகப் பதிவுபெற்ற அமைப்பையும் பற்றிய விவரம் முதல் பகுதியில் இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்கள் இரண்டாம் பகுதியில் இடம்பெறுவார்கள்; 17ஆம் பிரிவின்படி, அந்தப் பொருளை விளைவிப்பவர் அல்லது உற்பத்தி செய்பவர் விண்ணப்பித்து அதில் பதிவு பெற வேண்டும். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். குறியீட்டை விற்கவோ வேறொருவருக்கு உரிமம் தரவோ 24ஆம் பிரிவு இடம் தருவதில்லை. ஆகவே, ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டது என்பது பாதிச் செய்திதான். ஊரில் பயிரிடும் தனி விவசாயி அதைத் தம் கூடையின்மேல் சட்டப்படி போட்டுக்கொள்வது இன்னொரு படி. அவர் பேசிய விவசாயிகளில் சிலருக்கு இந்த இரண்டாம் படி இருப்பதே தெரிந்திருக்கவில்லை. கட்டுரைக்கான கேள்வி அங்கே கிடைத்தது. காயை விளைவிப்பவரும், பதிவகத்தின் இதழில் வெளியான விண்ணப்ப விவரமும், தோட்டக்கலைத் துறை அலுவலகமும் அவருக்குப் பேருந்துத் தொலைவிலோ விரல்நுனியிலோ இருந்தன. சென்னை டெஸ்க்கில் இருப்பவருக்கு இவற்றுள் இரண்டாவது மட்டுமே எளிது.

கட்டுரையை எழுதி முடிக்கும் முன்பே, இந்த முறை ஒரே ஓர் இதழுக்கு முன்மொழிவு மடல் அனுப்பினார். அந்த இதழ் உழவு, நீர், உள்ளூர் நிர்வாகம் ஆகியவை பற்றித் தொடர்ந்து வெளியிட்டு வருவதை முதலில் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார். மடலின் அமைப்பு அவருக்குக் கைவந்த கலை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று நாள்தோறும் அவர் தட்டும் மனுவின் ஒழுங்கைப் போலவே, கேட்பது என்ன, எதன் அடிப்படையில் கேட்கிறோம் என்பவை முதல் பார்வையிலேயே தெரிந்தன. ஒருங்குறியில், இணைப்பு ஏதுமின்றி, மடலின் உடலிலேயே இப்படி எழுதியிருந்தார்:

“பொருள்: கட்டுரை முன்மொழிவு – இலவம்பாடிக் கத்திரிக்காயின் புவிசார் குறியீட்டை யார் பயன்படுத்தலாம்?

வணக்கம். வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தம் சரக்கின்மேல் பயன்படுத்த, விவசாயி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு பெற வேண்டும். இலவம்பாடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நான் சந்தித்த விவசாயிகளில் சிலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. மார்க்கெட்டில் வேறு ஊர்க் காய்களும் இதே பெயரில் விற்கப்படுவதாக அவர்கள் சொல்கிறார்கள். குறியீடு கிடைத்த பிறகு அவர்கள் நிலையில் என்ன மாறியிருக்கிறது என்பதை 1,200 சொற்களில் எழுத விரும்புகிறேன். விவசாயிகள், மார்க்கெட் வியாபாரிகள் ஆகியோரிடம் பேசிவிட்டேன். தோட்டக்கலைத் துறையின் விளக்கத்தை எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதிவக இதழில் வந்த விண்ணப்ப விவரமும் நானே எடுத்த படங்களும் கைவசம் உள்ளன. ஒப்புதல் கிடைத்த பத்து நாளில் தர இயலும். இதை வேறெங்கும் அனுப்பவில்லை. நான் சத்துவாச்சாரியில் தட்டச்சராக இருக்கிறேன். உறவினர்கள் அணைக்கட்டுப் பகுதியில் விவசாயம் செய்கிறார்கள்.”

கடைசி வரியை நான் இரண்டு காரணங்களுக்காக மெச்சுகிறேன். இந்தக் கட்டுரையை எழுத இவருக்கு என்ன தகுதி என்ற கேள்விக்கு அது விடையாகிறது. உறவினர்கள் அதே பகுதியில் விவசாயம் செய்வதால் சாய்வு இருக்கலாமே என்ற ஐயத்தையும் அதுவே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. பட்டங்களையும் பரிசுகளையும் அடுக்கும் அறிமுகப் பத்திகளைக் காட்டிலும் இது டெஸ்க்குக்குப் பயன்படும்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஏற்பு என்று அதில் எழுதியிருக்கவில்லை, கேள்விகள்தான் இருந்தன. இலவம்பாடி விதையை வாங்கிப் போய்த் திருவண்ணாமலைப் பக்கம் பயிரிட்டால் அந்தக் காய்க்கு இந்தப் பெயர் செல்லுமா? பதிவு இல்லாததால் விவசாயிக்குப் பணமாக ஏதாவது இழப்பு உண்டா? துறையின் பதில் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? புதிதாக எழுதுகிறவர்கள் பலர் இத்தகைய மடலை மறுப்பு என்று எண்ணிச் சோர்ந்து விடுகிறார்கள். ஆசிரியர் ஒருவர் நேரம் செலவிட்டுக் கேள்வி கேட்கிறார் என்றால் கட்டுரையைப் பாதி வாங்கிவிட்டார் என்றே கொள்ளலாம். முதல் கேள்விக்கான விடை விண்ணப்பத்திலேயே இருந்தது: எந்த எல்லைக்குள் விளைவது என்று காட்டும் வரைபடத்தை விண்ணப்பத்தோடு இணைத்தாக வேண்டும் என்பது விதி. இரண்டாம் கேள்விக்காக அவர் விடியற்காலையில் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய், கூடை இறங்கும்போதே நின்று, எந்தக் காய் என்ன விலைக்குப் போகிறது என்பதைத் தேதியோடு எழுதி வந்தார். மூன்றாம் கேள்விக்கு, எழுத்துபூர்வமாகக் கேட்ட தேதியைக் கட்டுரையிலேயே குறிப்பிட்டு, பதில் வந்ததும் சேர்க்கப்படும் என்று எழுதலாம் என்றார். ஆசிரியர் அதை ஏற்றுக்கொண்டார். துறையின் பதில், கட்டுரை வெளிவருவதற்கு முந்தைய நாள் வந்து சேர்ந்தது.

கட்டுரையின் கைப்பிரதியையும் வெளிவந்த வடிவத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சுவையான வேலை. மார்க்கெட்டில் வியாபாரி ஒருவர் காயைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் காம்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கூடையை ஒதுக்கிவைக்கிறார். அருகில் நின்ற விவசாயி கட்டுரையாளரிடம் சொல்கிறார்: “இவங்க முள்ளுதான்மா பாப்பாங்க. காயிதத்த யாரு பாக்கப் போறாங்க?” கைப்பிரதியில் ஒன்பதாம் பத்தியில் கிடந்த இந்தக் காட்சியை ஆசிரியர் தூக்கி முதல் பத்தியில் வைத்துவிட்டார். விவசாயியின் பேச்சை இலக்கணத் தமிழாக மாற்றாமல் அப்படியே விட்டார். சட்டத்தை விளக்கிய மூன்று பத்திகள் ஒன்றாகச் சுருங்கின. “என்பது குறிப்பிடத்தக்கது” என்று முடிந்த வாக்கியங்கள் அனைத்தும் வால் வெட்டப்பட்டு வந்தன. நாளிதழ்ச் செய்திகள் நமக்குப் பழக்கிவிட்ட அந்த வாலை, எங்கள் டெஸ்க்கில் நாங்களே ஒட்டி அனுப்பிய நாட்களும் உண்டு.

சரிபார்ப்பில் ஓர் இடம் சிக்கியது. ஆம்பூரை வேலூர் மாவட்டத்து ஊர் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்ததும், அதில் மிஞ்சிய வேலூர் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்ததும் எங்கள் ஊர்க்காரர்களின் வாயில் இன்னும் ஏறவில்லை. ஆற்காட்டையும் ஆம்பூரையும் வேலூரோடு சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருப்பதை ஆசிரியர் திருத்தியதோடு, ஏனைய ஊர்ப்பெயர்களையும் ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார். ஒரு சிறு தகவல் தவறினால் மற்றவற்றின்மீதும் ஐயம் விழுவது இயல்பு. படங்களை முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் அவை சுருங்கித் தெளிவிழந்தன. மூலக்கோப்புகளை கூகுள் டிரைவ் வழியாக மீண்டும் அனுப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் எங்கே, எப்போது எடுத்தது, முகம் தெரிபவர் ஒப்புக்கொண்டாரா என்ற குறிப்பைச் சேர்த்திருந்தார்.

உரிமை பற்றிய பேச்சை அவர் தவிர்க்காதது நல்லதாயிற்று. இதழ் அனுப்பிய படிவத்தில், கட்டுரையின் உரிமைகள் முழுவதும் இதழுக்கே உரியவை என்று ஒரு வரி இருந்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாமல் தனித்து எழுதுபவரே தம் எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. ஆனால் முழு உரிமையும் நிரந்தரமாக, உலகெங்கும் என்று எழுதிக் கையெழுத்திட்டால் இந்தப் பாதுகாப்பு உதவாது. 57ஆம் பிரிவு தரும் உரிமைகள், அதாவது எழுதியவர் தாமே என்று கோருவதும் தம் பெயருக்குக் கேடு தரும் சிதைப்பைத் தடுப்பதும், அதற்குப் பிறகும் எழுதியவரிடமே இருக்கும். கட்டுரையாளர் சண்டைக்குப் போகவில்லை. முதல் வெளியீட்டு உரிமையும் அறுபது நாள் வேறெங்கும் வெளியிடாத தனியுரிமையும் இதழுக்கு, அதன்பின் இதழின் பெயரைக் குறிப்பிட்டு மறுவெளியீடு செய்யும் உரிமை தமக்கு என்று இரண்டு வரிகளை எழுதி, இப்படி மாற்ற இயலுமா என்று கேட்டார். மறுநாளே மாற்றித் தந்தார்கள். கேட்டால் கட்டுரையே போய்விடும் என்ற பயம் பல இடங்களில் ஆதாரமற்றது.

பணம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தொகையைக் கேட்கும் விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) ஒன்றும் பான் எண்ணும் வங்கி விவரமும் அனுப்ப வேண்டியிருந்தது. எழுத்துக் கட்டணத்தைப் பெரும்பாலும் தொழில்முறைக் கட்டணமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே நிறுவனம் ஓராண்டில் தரும் தொகை 30,000 ரூபாயைத் தாண்டினால் 10 விழுக்காடு வரிப்பிடித்தம் என்றிருந்த வரம்பு, 2025 ஏப்ரல் முதல் 50,000 ஆக உயர்ந்தது. ஒற்றைக் கட்டுரைக்கு அந்தக் கணக்கு எட்டவில்லை. வெளியான பிறகு ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்துத் தொகை வந்தது. நினைவூட்டல் மடல் ஒன்று அனுப்பிய பிறகே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அறுபது நாள் முடிந்ததும், உழவர்களுக்கான அச்சு மாத இதழ் ஒன்று மறுபதிப்புக்குக் கேட்டது. மேற்சொன்ன இரண்டு வரிகள் இருந்ததால் யாரையும் கேட்காமல் அவரால் ஒப்புக்கொள்ள முடிந்தது. ஆங்கில வடிவம்தான் இன்னும் நிற்கிறது. தமிழில் ஏற்கெனவே வெளிவந்ததை மறைக்காமல் சொல்லி ஆங்கிலத் தளம் ஒன்றுக்கு எழுதினார். வெளிமாநில வாசகருக்கு ஓர் ஊரின் கத்திரிக்காய் மட்டும் போதாது, பயனாளர் பதிவு மற்ற விளைபொருள்களில் எப்படி நடந்திருக்கிறது என்பதும் வேண்டும் என்று அங்கிருந்து பதில் வந்தது. இது நியாயமான கோரிக்கை என்றே நான் கருதுகிறேன். 2019இல் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். அதற்குக் கொடைக்கானல் வரை போய்வரும் செலவைக் கட்டுரைத் தொகை ஈடுகட்டாது என்பதால், அந்த வட்டாரத்தில் எழுதுகிறவர் ஒருவரோடு சேர்ந்து இருவர் பெயரிலும் முன்மொழியலாமா என்று அந்தத் தளத்திடம் கேட்டு மடல் போட்டிருக்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார்.